இடி கேட்டால் வீடு
இடிமழைக் காலத்தில் உழவர் குடும்பங்கள் அறிய வேண்டியவை

சித்திரை மாதத்தில் ஒரு நாள் பிற்பகல் மட்டக்குளியில் இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களோடு கூடியிருந்தோம். விதைநெல்லைப் பற்றியும் கடனைப் பற்றியும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மூன்று மணியளவில் வெளிச்சம் குறைந்தது. தூரத்தில் ஓர் இடி கேட்டது. உடனே ஆண்கள் நாலைந்து பேர் எழுந்து வெளியே போய் வானத்தைப் பார்த்தார்கள். மழை வந்தால் முதலில் வானத்தைப் பார்ப்பது உழவனின் பழக்கம். அது இடம்பெயர்ந்தாலும் விட்டுப்போவதில்லை.

வன்னியில் ஐம்பது வருடம் வயல் செய்த ஒரு பெரியவர் திரும்பி வந்து அமர்ந்தார். அவர் சொன்னது இது: "சுவாமி, இங்க மழை எந்தப் பக்கத்தால வருமெண்டு எனக்குப் பிடிபடேல்லை. ஊரிலயெண்டா முகிலைப் பாத்தே சொல்லிப்போடுவன்."

காணி போனது, வீடு போனது, மாடு போனது என்று நாம் கணக்கு எழுதுகிறோம். வானத்தைப் பற்றிய அறிவு போனதை எந்தப் படிவத்திலும் எழுதுவதில்லை. ஆனால் அதுவும் ஓர் இழப்பே. சில வேளைகளில் அது உயிர் இழப்பாகவும் முடிகிறது. ஆகவே இந்த இதழின் பாடத்திற்கு இடிமழையையும் மின்னலையும் எடுத்துக்கொள்கிறோம்.

இடம் மாறினால் அடையாளம் மாறும்

லூக்கா நற்செய்தியின் 12 ஆம் அதிகாரத்தில் இயேசு மக்களின் வானிலை அறிவைக் குறிப்பிடுகிறார். மேற்கே முகில் எழுந்தால் மழை வரும் என்றும், தெற்கிலிருந்து காற்று வீசினால் வெப்பம் வரும் என்றும் நீங்கள் அறிவீர்களே என்கிறார். பாலஸ்தீன நாட்டிற்கு மேற்கே கடல், தெற்கே பாலைவனம். ஆகவே அந்த அடையாளம் அந்த நாட்டு உழவனுக்குச் சரியானது. அதே அடையாளத்தை இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோனால் பொய்த்துப்போகும்.

எமது நாட்டிலும் அப்படியே. மட்டக்களப்புப் படுவான்கரை உழவன் மார்கழி மழையைக் கடல் இருக்கும் வடகீழ்த் திசையில் எதிர்பார்ப்பான். மட்டக்குளியோ களனி கங்கை மேற்குக் கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகில் இருக்கிறது. இங்கே வைகாசிக்குப் பின் தென்மேல் பருவக்காற்றின் மழை கடற்பக்கத்தால் வரும். ஆனால் சித்திரையில் வரும் இடிமழை பெரும்பாலும் கிழக்கே, மலைப்பக்கம் கட்டி, மாலையில் கரையை நோக்கி வரும். காக்கைத்தீவுக் கடற்கரையில் நின்று கடலைப் பார்ப்பவனுக்கு வானம் வெளித்திருப்பதாகவே தோன்றும். இடியோ அவன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்.

ஒரே இடத்தில்கூட மாதம் மாறும்போது மழையின் வாசல் மாறுகிறது. புதிய இடத்தில் அதைக் கற்றுக்கொள்ள ஆண்டுகள் வேண்டும். அதுவரை எதை நம்புவது? எந்த ஊரிலும் எந்த மாதத்திலும் மாறாத அடையாளம் ஒன்று உண்டு. அது இடியின் ஓசை. இடி உங்கள் காதில் விழுகிறதென்றால் மின்னல் உங்களைத் தொடக்கூடிய தூரத்தில் இருக்கிறது. இந்தப் பாடத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: இடி கேட்டால் வீடு.

எப்போது வருகிறது?

இலங்கையின் ஆண்டை வளிமண்டலவியல் திணைக்களம் நான்கு காலங்களாகப் பிரிக்கிறது. மே முதல் செப்தெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. இவற்றுக்கு இடையில் இரண்டு இடைக்காலங்கள் உண்டு. ஒன்று மார்ச், ஏப்ரல். மற்றது ஒக்டோபர், நவம்பர். இடியும் மின்னலும் மிகுந்திருப்பது இவ்விரு இடைக்காலங்களிலும்தான்.

காரணம் எளிது. சோளகமோ வாடையோ உரமாக வீசும்போது காற்று ஒரே திசையில் ஓடுகிறது. இடைக்காலத்தில் அந்தப் பெருங்காற்று ஓய்ந்துவிடுகிறது. ஏப்ரல் முற்பகுதியில் சூரியன் எமது நாட்டுக்கு நேர் உச்சியில் நிற்கிறது. காலை முழுவதும் நிலம் சூடேறுகிறது. கடலிலிருந்து ஈரக்காற்று நிலத்துக்குள் வருகிறது. சூடான நிலத்தின் மேல் அது மேலெழுந்து பிற்பகலில் முகிலாகக் கட்டுகிறது. இக்காலத்து வானிலை அறிக்கைகளில் "பிற்பகல் 2 மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை" என்று அடிக்கடி கேட்பது இதனால்தான்.

இப்போது இந்த மாதங்களை எமது பயிர்க்கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சிறுபோகத்துக்கு நிலம் பண்படுத்துவது பங்குனி, சித்திரையில். காலபோக விதைப்பு புரட்டாதிக் கடைசியிலும் ஐப்பசியிலும். அதாவது வானம் மிகவும் ஆபத்தாக இருக்கும் இரண்டு காலங்களிலும் உழவன் வெட்டவெளியில் நிற்க வேண்டியிருக்கிறது. அலுவலகத்தில் இருப்பவனுக்கு மின்னல் ஒரு காட்சி. வயலில் நிற்பவனுக்கு அது தொழில் ஆபத்து.

சூறாவளியைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை முதியவர்கள் இன்றும் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. சூறாவளிக்குப் பெயர் உண்டு, வரப்போவதாக முன்கூட்டியே சொல்லவும் முடிகிறது. மின்னலுக்குப் பெயர் இல்லை. அது இன்று ஒரு வயலில் ஒருவர், நாளை ஒரு குளக்கட்டில் இருவர் என்று எடுத்துக்கொண்டு போகிறது. செய்தித்தாளில் நாலு வரி வருகிறது. ஒரு குடும்பம் தலைவனை இழக்கிறது. அடுத்த நாள் எல்லோரும் மறந்துவிடுகிறோம்.

மின்னல் எப்படி உண்டாகிறது?

இடிமுகில் சாதாரண முகில் அல்ல. அது கோபுரம் போல மேல் நோக்கி வளரும். எமது பகுதிகளில் அதன் உச்சி 15 கிலோமீற்றர் உயரத்தையும் தொடும். அடியில் மழைத்துளி, மேலே பனிக்கட்டி. உள்ளே காற்று மேலும் கீழும் வேகமாக ஓடுகிறது. சிறு பனித்துகள்களும் சற்றுப் பெரிய பனிக்கட்டிகளும் ஒன்றோடொன்று மோதும்போது மின்னேற்றம் பிரிகிறது. இலேசான துகள்கள் நேரேற்றத்தோடு மேலே போகின்றன. பாரமானவை எதிரேற்றத்தோடு கீழே தங்குகின்றன. இந்த வேறுபாடு தாங்க முடியாத அளவுக்கு வளரும்போது மின்சாரம் காற்றைப் பிளந்துகொண்டு பாய்கிறது. அதுவே மின்னல்.

மின்னல் பாயும் பாதையில் காற்று ஏறத்தாழ 30,000 பாகை செல்சியசுக்குச் சூடேறுகிறது. இது சூரியனின் மேற்பரப்பைப் போல ஐந்து மடங்கு வெப்பம். அந்தக் காற்று ஒரு கணத்தில் விரிந்து வெடிக்கும் ஓசையே இடி. இரண்டும் ஒரே நேரத்தில் பிறக்கின்றன. ஒளி உடனே வந்துவிடும். ஒலி ஒரு கிலோமீற்றர் வர மூன்று வினாடி எடுக்கும். மின்னலைக் கண்டு முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது பத்துக் கிலோமீற்றருக்குள் இருக்கிறது. அடுத்த மின்னல் உங்கள் வயலிலேயே விழலாம். மழை தொடங்காத இடத்திலும் மின்னல் விழும். ஆகவே "முதல் துளி விழட்டும், போவோம்" என்று நிற்பது தவறு.

முகில் வந்து சேருமுன் குளிர்ந்த காற்று ஒன்று திடீரென்று அடிக்கும். முகிலுக்குள் இருந்து கீழே விழும் குளிர்காற்று நிலத்தில் மோதிப் பரவுவதே அது. பத்திரிகைகள் "மினி சூறாவளி" என்று எழுதுபவற்றில் பல இத்தகைய காற்றுக்களே. தகரத்தைப் பிடுங்கி எறிவதும் வாழையை முறிப்பதும் அதுதான். அந்தக் குளிர்ந்த காற்று முகத்தில் பட்டால் இனிக் காத்திருக்க நேரமில்லை.

மனிதரை எவ்வாறு தாக்குகிறது?

மின்னல் தலையில் நேரே விழுந்தால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. மரத்தில் விழும் மின்னல் மரத்தடியில் நிற்பவர் மேல் பக்கவாட்டாகப் பாயும். முட்கம்பி வேலியில் விழுந்தால் கம்பி வழியே தூரம் ஓடி, வேலியைப் பிடித்து நிற்பவரைத் தாக்கும். எல்லாவற்றையும் விட, நிலத்தில் விழுந்த மின்சாரம் நிலத்திலேயே பரவும். ஒரு காலால் ஏறி மற்றக் காலால் இறங்கும். மாட்டுக்கு முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகம். நடுவில் இதயம் இருக்கிறது. மரத்தடியில் ஒதுங்கிய மாடுகள் ஒரே மின்னலில் கூட்டமாக இறப்பது இதனால்தான். முகில் கட்டும் போது பட்டியைத் தனிமரத்தடியில் கட்டாதீர்கள்.

எங்கே ஒதுங்குவது?

பாதுகாப்பான இடம் இரண்டே. ஒன்று, சுவரும் கூரையும் மின்னிணைப்பும் நீர்க்குழாயும் உள்ள கல்வீடு, பாடசாலை, ஆலயம் போன்ற கட்டடம். மின்னல் விழுந்தால் அந்தக் கம்பியும் குழாயும் மின்சாரத்தை நிலத்துக்குக் கொண்டுபோகின்றன. மற்றது, கூரையும் பக்கங்களும் உலோகத்தாலான மூடிய வாகனம். பஸ், வான், கார் ஆகியவற்றில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உலோகத்தைத் தொடாமல் இருந்தால் காப்பு உண்டு. ஓட்டோ, மோட்டார் சைக்கிள், லாண்ட்மாஸ்டர், திறந்த உழவு இயந்திரம் ஆகியவற்றில் காப்பு இல்லை.

வயற்கொட்டில், காவற்பரண், தறப்பாள் கூடாரம், பக்கம் திறந்த தகரக்கொட்டில் ஆகியவை மழைக்கு மட்டுமே ஒதுங்கிடம், மின்னலுக்கு அல்ல. இதைச் சொல்ல எமக்கு மனம் வருந்துகிறது. எமது குடும்பங்களில் பலவற்றுக்கு அதைவிட வேறு வீடில்லை. ஆனால் உண்மையை மறைத்துப் பயனில்லை. அத்தகைய இடத்தில் வாழ்பவர்கள் அண்மையிலுள்ள பாடசாலை, ஆலயம், பொதுமண்டபம் எது என்பதை முன்பே அறிந்து, இடி கேட்டவுடன் பிள்ளைகளை அங்கே அனுப்ப ஏற்பாடு செய்ய வேண்டும். திறப்பு யாரிடம் இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பூட்டிய மண்டபம் யாரையும் காப்பாற்றாது.

வீட்டுக்குள் இருக்கும்போது தொலைக்காட்சியின் செருகியையும் அன்ரெனாக் கம்பியையும் முன்கூட்டியே கழற்றிவிடுங்கள். மின்னல் தொடங்கிய பின் அவற்றைத் தொடாதீர்கள். மின்னேற்றியில் செருகிய கைத்தொலைபேசியைக் காதில் வைக்காதீர்கள். குழாயடியில் குளிப்பதையும் கிணற்றடியில் நிற்பதையும் தள்ளிப்போடுங்கள். ஒரே இணைப்பிலிருந்து பல கொட்டில்களுக்குக் கம்பி இழுத்திருக்கும் இடங்களில் ஒரு வீட்டில் ஏறும் மின்னல் எல்லா வீட்டுக்கும் போகும். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் சென்ற பின்னரே வெளியே வாருங்கள். மழை விட்டதும் மிச்ச வேலைக்கு ஓடுவது ஆபத்தானது.

வயல் நடுவில் அகப்பட்டுவிட்டால் இயந்திரத்திலிருந்து இறங்குங்கள். தோளில் இருக்கும் மண்வெட்டியைக் கீழே போடுங்கள். உயர்ந்த வரம்பையும் தனிமரத்தையும் கம்பி வேலியையும் தண்ணீரையும் விட்டு விலகுங்கள். பலர் இருந்தால் கூட்டமாக நிற்காமல் பிரிந்து நில்லுங்கள். ஒருவர் விழுந்தால் மற்றவர் உதவ முடியும். நிலத்தில் படுக்காதீர்கள். வேறு வழியே இல்லாவிட்டால் இரு பாதங்களையும் சேர்த்துக் குந்தியிருங்கள். இது ஆபத்தைச் சிறிது குறைக்கும், நீக்காது. சரியான வழி, முதல் இடிக்கே வயலை விட்டுப் புறப்படுவதுதான்.

நம்பிக்கைகளும் உண்மையும்

இடி இடிக்கும்போது "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்லிப் பிள்ளைகளைத் தேற்றிய பாட்டிமார் எமது ஊர்களில் இருந்தார்கள். பயத்தைத் தணிக்க அது உதவியது. மின்னலைத் தடுக்க அல்ல. இறப்பர்ச் செருப்பு காப்பாற்றும் என்பது பிழை. பல கிலோமீற்றர் காற்றைப் பிளந்து வந்த மின்சாரத்துக்கு ஒரு விரல் தடிப்பு இறப்பர் பொருட்டல்ல. ஒரே இடத்தில் இரண்டு முறை விழாது என்பதும் பிழை. உயர்ந்த இடங்களில் அது பல முறை விழுகிறது.

பிழையான நம்பிக்கை எமது திருச்சபையிலும் இருந்தது. முற்காலத்தில் ஐரோப்பாவில் இடிமழை வந்தால் ஆலய மணியை அடிப்பார்கள். மணியோசை இடியை விரட்டும் என்று நம்பினார்கள். ஊரிலேயே உயரமான கோபுரத்தின் கீழ், நனைந்த கயிற்றைப் பிடித்தபடி நின்றவர்கள் மாண்டார்கள். 33 ஆண்டுகளில் 386 ஆலயக் கோபுரங்களில் மின்னல் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்ட மணியடிப்போர் இறந்ததாக 1784 இல் மியூனிக் நகரில் வெளிவந்த ஒரு நூல் கணக்குக் காட்டியது. அதற்கு முன்பே, 1752 இல், பெஞ்சமின் பிராங்கிளின் மின்னல் என்பது மின்சாரமே என்று காட்டி, கூரையில் உலோகக் கோலை நட்டு நிலத்துக்குக் கம்பி இறக்கும் வழியைச் சொல்லியிருந்தார். இன்று ஆலயக் கோபுரங்களில் அந்த இடிதாங்கி நிற்கிறது. செபமும் வேண்டும், இடிதாங்கியும் வேண்டும். இறைவன் தந்த அறிவைப் பயன்படுத்துவது விசுவாசக் குறைவு அல்ல.

தாக்கப்பட்டவருக்கு உதவி

மின்னல் தாக்கியவரைத் தொட்டால் மின்சாரம் பிடிக்கும் என்று பயந்து பலர் தூர நிற்கிறார்கள். அவர் உடலில் மின்சாரம் தங்குவதில்லை. உடனே தொடலாம். தாக்கப்படுபவர்களில் பெரும்பாலானோர் பிழைக்கிறார்கள் என்பதை அறிந்திருங்கள். இறப்பவர்கள் பெரும்பாலும் இதயம் நின்றதனால் இறக்கிறார்கள். அந்தச் சில நிமிடங்களில் பக்கத்தில் நிற்பவரே வைத்தியர்.

முதலில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வண்டியைக் கேளுங்கள். மூச்சு இல்லாவிட்டால் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். உதவி வரும்வரை நிறுத்த வேண்டாம். பலர் ஒரே நேரத்தில் விழுந்தால், முனகுபவரை விட அசைவற்றுக் கிடப்பவரை முதலில் கவனியுங்கள். முனகுபவருக்கு மூச்சு இருக்கிறது. இந்தியாவின் சில இடங்களில் தாக்கப்பட்டவரைச் சாணத்தில் புதைத்து வைக்கும் வழக்கம் உண்டு. அது காப்பாற்றக்கூடிய உயிரையும் போக்கிவிடும்.

இது சாபமா?

மின்னல் பறித்த வீட்டில் இன்னொரு துயரமும் வருகிறது. "ஏதோ பாவம் செய்திருக்கிறான்", "அந்தக் குடும்பத்துக்குச் சாபம்" என்று அயலவர் முணுமுணுப்பார்கள். ஏற்கெனவே ஊரை இழந்த குடும்பத்துக்கு இது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது போன்றது. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததைப் பற்றி இயேசு பேசியதை நினைத்துப் பாருங்கள். அவர்கள் எருசலேமில் இருந்த மற்றவர்களை விடப் பெரிய பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொன்னார். மின்னல் உயரத்தைத் தேடுகிறது, பாவத்தை அல்ல. கைம்பெண்ணாகி நிற்கும் சகோதரிக்கு அயலவர் கொண்டுபோக வேண்டியது தீர்ப்பு அல்ல, அரிசியும் ஆறுதலும்.

ஊராகச் செய்ய வேண்டியவை

பங்களாதேசத்தில் 2016 மே மாதத்தில் சில நாட்களுக்குள் மின்னலால் பலர் மாண்டார்கள். பெரும்பாலானோர் வயலில் வேலை செய்தவர்கள். அவ்வாண்டே அந்நாட்டு அரசு மின்னலை இயற்கை அனர்த்தங்களில் ஒன்றாக அறிவித்தது. உயர்ந்த மரங்கள் மின்னலைத் தாங்கும் என்று நாடெங்கும் பனை நடும் திட்டமும் தொடங்கியது. ஆனால் பனை உயர்வதற்குப் பல ஆண்டுகள் வேண்டும். கன்றுகள் பராமரிப்பின்றி அழிந்தன. திட்டம் கைவிடப்பட்டது.

எமக்கும் இதில் பாடம் உண்டு. போர்க் காலத்தில் வடக்கில் எத்தனையோ பனைகள் காப்பரணுக்காகத் தறிக்கப்பட்டன. மீளக்குடியேறிய சில இடங்களில் வயல்வெளியில் உயரமாக நிற்பது உழவன் ஒருவனே. பனை நடுவோம், அது எமது பிள்ளைகளுக்கு. ஆனால் இந்த ஐப்பசிக்கு எம்மைக் காப்பது பனை அல்ல, பழக்கம்.

விதைப்புக் காலத்தில் காலை வெள்ளாப்பில் தொடங்கி மதியத்தோடு வெளிவேலையை முடிக்க முயலுங்கள். நாட்கூலிக்கு ஆள் பிடிப்பவர்கள் இடி கேட்டால் வேலையை நிறுத்தலாம் என்றும், அதற்காகக் கூலி வெட்டப்படாது என்றும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். கூலி போய்விடும் என்ற பயத்திலேயே பலர் வயலில் நிற்கிறார்கள். வானொலியில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் எச்சரிக்கையைக் கேளுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117. வீட்டுச் சுவரில் 1990, 117 ஆகிய இரண்டு இலக்கங்களையும் கரியால் என்றாலும் எழுதி வையுங்கள்.

அன்று எம்மோடு இருந்த பெரியவர் மழை விட்டபின் கேட்டார்: "அப்ப நான் படிச்ச வானம் எல்லாம் வீணோ?" வீணல்ல என்றோம். முகிலை நிமிர்ந்து பார்க்கும் பழக்கம் உள்ளவனே புதிய ஊரின் வானத்தையும் விரைவில் படிப்பான். படித்து முடியும்வரை காதை நம்பட்டும். ஊருக்குத் திரும்பும் நாள் வரும்போது விதைக்க ஆள் வேண்டும். விதைநெல்லைப் பாதுகாப்பது போல விதைப்பவனையும் பாதுகாப்போம்.

குழுவில் கலந்துரையாட

1. உங்கள் சொந்த ஊரில் இடிமழை எந்தப் பக்கத்தால் வரும்? இப்போது வாழும் இடத்தில் எந்தப் பக்கத்தால் வருகிறது? எந்த மாதங்களில், எத்தனை மணிக்கு?
2. உங்கள் வயலிலிருந்து அல்லது வேலை செய்யும் இடத்திலிருந்து பாதுகாப்பான கட்டடத்துக்கு நடந்து போக எத்தனை நிமிடம்? இடி கேட்டபின் அந்த நேரம் போதுமா?
3. மண்டபத்தின் அல்லது பாடசாலையின் திறப்பு யாரிடம் இருக்கிறது? இரவில் அவரை எப்படி அழைப்பது?
4. மின்னலால் ஒருவரை இழந்த குடும்பம் உங்கள் அயலில் உண்டா? அவர்களை நாம் எப்படி நடத்துகிறோம்?